வலிக்கிற காலுக்கு அழகான சப்பாத்து: மலைநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் 18 வருஷமாகப் படிப்பிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலமாவது நின்றபடிதான் வேலை. வலது கால் பெருவிரல் மூட்டு வெளியே தள்ளியிருக்கும், இடது குதிகாலில் ஒரு காலத்தில் விடாத வலி, பாதமும் அகலம். இந்தக் காலோடு, சேலைக்குப் பொருந்துகிற, பஸ்ஸுக்கு ஓடக்கூடிய, மழையில் வழுக்காத ஒரு ஜோடியைத் தேடி அலைந்ததில் சில விஷயங்கள் படிந்துவிட்டன. ஸ்டாஃப் ரூமிலும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. எந்த இடத்தில் வைத்தியரிடம் போகவேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன், அந்த இடத்தில் தயவுசெய்து போய்விடுங்கள்.

எந்தச் சப்பாத்து போட்டாலும் கடிக்கிறது. என் கால்தான் கோணலா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், அதனால்தான் இதையே முதலில் வைக்கிறேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. நடக்கும்போது விரல்கள் விரியும், பாதம் கொஞ்சம் நீளும். விரல் தொடங்குகிற இடம்தான் பாதத்தில் அகலமான இடம். கடையில் அழகு என்று முன்னால் அடுக்கியிருக்கிற சப்பாத்துகளில் பல சரியாக அந்த இடத்தில்தான் ஒடுங்கத் தொடங்குகின்றன. அப்புறம் விரல்கள் எங்கே போகும்?

ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு கொப்பித் தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் முழுப் பாரத்தோடு எழும்பி நின்று, வீட்டில் யாரையாவது பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். உட்கார்ந்து போடவேண்டாம், உட்கார்ந்தால் பாதம் சின்னதாகத் தெரியும். இரண்டு காலுக்கும் போட்டு, கோட்டோடு வெட்டி எடுத்து, வீட்டில் இருக்கிற சப்பாத்து ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பாருங்கள். நான் முதல்முறை வைத்தபோது சுண்டுவிரல் பக்கம் அரை விரல் அகலத்துக்குத் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷமும் அந்த அரை விரலை உள்ளே நெருக்கிக்கொண்டுதான் ஐந்தாம் பாடம் வரைக்கும் நின்றிருக்கிறேன். அந்தத் தாளை லேமினேட் பண்ணி இன்றைக்கும் கைப்பையில் வைத்திருக்கிறேன். கடையில் காலை விடுவதற்கு முன்னால் தாளைத்தான் உள்ளே விட்டுப் பார்ப்பேன். ஓரம் மடிந்தால் அந்த ஜோடியை மேலே பார்ப்பதே இல்லை.

கடையில் வேறு என்ன பார்க்கவேண்டும்?

பின்னேரத்தில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் அளவாக இருந்த சப்பாத்து நாலு மணிக்கு இறுக்கும். எந்த சொக்ஸ் போட்டு நடக்கப்போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். நுவரெலியாக்காரர்கள் தடித்த சொக்ஸ் போட்டுப் பழகியிருப்பார்கள், அதை மறந்து வெறுங்காலில் அளந்து வாங்கிவந்து அவதிப்படுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு காலையும் போட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லோருக்கும் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது, பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்கவேண்டும்.

எழும்பி நின்றால், மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இடம் இருக்கவேண்டும். நீளமானது எப்போதும் பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இரண்டாவது விரல்தான்.

பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். முன்னும் பின்னும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடிகிற இடத்தில் மட்டும் வளையவேண்டும், நடு வயிற்றில் மடிந்தால் அது பாதத்தைத் தாங்காது. துணி பிழிகிற மாதிரி முறுக்கினால் லேசில் முறுகக்கூடாது. குதிகாலைச் சுற்றி வருகிற பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் அது அமுங்காமல் நிற்கவேண்டும். இந்த மூன்றும் சரி என்றால், விலை குறைந்த சப்பாத்தாக இருந்தாலும் காலுக்கு நல்லதுதான்.

நம்ம ஊருக்கென்று இன்னொன்று இருக்கிறது. சமதரையில் நாலு அடி நடந்து பார்த்துவிட்டு வாங்காதீர்கள். நாம் இறக்கத்தில் நடக்கிறவர்கள். இறங்கும்போது கால் முன்னால் சறுக்கி விரல் முட்டும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ டவுனில் பாதிக் கடைகளுக்கு மாடிப்படி இருக்கும், அதில் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் நுனி முட்டினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம்.

போடப் போட இளகிவிடும் என்கிறார்களே?

எனக்கும் சொன்னார்கள். நல்ல கறுப்புத் தோல், முன்பக்கம் கூர், ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு கொடுத்து வாங்கினேன். இளகுவதற்காக மூன்று மாதம் காத்திருந்தேன், மூட்டில் தோல் உரிந்து சீழ் வைத்ததுதான் கண்ட பலன். உண்மையான தோல் அகலப்பக்கம் ஓரளவு இளகும், அது சரிதான். ஆனால் நீளம் கூடவே கூடாது. ரெக்ஸின் இளகாது, வெடிக்கத்தான் செய்யும். வாங்குகிற அன்றே கடைக்குள் பத்து நிமிஷம் போட்டிருக்க வசதியாக இருக்கவேண்டும். அப்படி இல்லாததை வாங்காதீர்கள்.

நான் எப்போதும் 5தான் போடுவேன். இப்போது 5 இறுக்குகிறது, கால் வளருமா?

வளரும் என்று சொல்லமுடியாது, பரவும். வயது போகப்போகப் பாதத்தின் உள்வளைவு தாழும், கர்ப்ப காலத்தில் மூட்டுகளைக் கட்டியிருக்கிற நார்கள் தளர்வதால் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பலருக்கு அரை அளவு கூடி அப்படியே நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன் போட்ட அளவை ஒரு கௌரவம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த எண்ணை யாரும் வெளியே பார்க்கப்போவதில்லை அக்கா. நம் கடைகளில் இருக்கிற யூ.கே. அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் எண்ணை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை: அகலம் போதவில்லை என்பதற்காக நீளத்தைக் கூட்டி வாங்கினால், கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடி வேறு இடத்தில் கொப்புளம் வரும். அகலமான வார்ப்பில் செய்ததைத் தேடுங்கள். பெண்கள் பகுதியில் கிடைக்காவிட்டால் ஆண்பிள்ளைகளுக்கான பகுதியில் பாருங்கள். அங்கே அகலம் தாராளம், கறுப்புக் கட்டுச் சப்பாத்தும் சாம்பல் நிற கன்வஸும் சுரிதாருக்கு அருமையாகப் பொருந்தும். எங்கள் ஆங்கில டீச்சர் இரண்டு வருஷமாக அப்படித்தான் போடுகிறார், யாருக்கும் தெரியாது.

காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. என்ன இது?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், நானும் அனுபவித்தது. குதிகால் எலும்பில் இருந்து விரல்கள் வரைக்கும் பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது குதிகாலோடு ஒட்டுகிற இடத்தில் நைந்துபோனால் இந்த வலி வரும். இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த பட்டை முதல் அடியில் திடீரென்று இழுபடுவதால்தான் காலையில் அந்தக் குத்து. அதிக நேரம் நிற்பது, உடம்புப் பாரம், இறுகிய கெண்டைக்கால், தேய்ந்துபோன தட்டைச் செருப்பு எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் சத்திர சிகிச்சை இல்லாமலே மாறிவிடும், ஆனால் அதற்கு நாம் ஒத்துழைக்கவேண்டும்.

சப்பாத்து விஷயத்தில் பலர் செய்கிற தவறு, வலிக்கிறது என்றதும் மெல்லிய தட்டைச் செருப்புக்கு மாறுவது. தட்டைச் செருப்பு நார்ப்பட்டையை இன்னும் இழுக்கும். இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் அளவுக்குக் குதிப்பக்கம் உயர்ந்து, உள்வளைவுக்குக் கீழே கொஞ்சம் மேடு வைத்து, குதிகாலை நன்றாகப் பிடிக்கிற சப்பாத்துதான் வேண்டும். மெத்தை மாதிரி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, கட்டைவிரலால் அமுக்கினால் அடிமட்டும் போகிற ஸ்பொஞ்சை வாங்காதீர்கள். அது ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும்.

படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்னால் கையால் விரல்களை முழங்கால் பக்கம் மெதுவாக இழுத்துப் பிடியுங்கள், பத்துப் பதினைந்து தடவை. பிறகு சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்கால் இழுபட அரை நிமிஷம் நில்லுங்கள், மூன்று முறை. பின்னேரம் வந்ததும் தண்ணீர்ப் போத்தலை ஐஸாக்கி அதன்மேல் பாதத்தை உருட்டலாம். நான் இந்த மூன்றையும் விடாமல் செய்து, செருப்பையும் மாற்றி, ஏழு மாதத்தில் சுகமானேன். இரண்டு மூன்று மாதம் செய்தும் குறையாவிட்டால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதே வலித்தால், அல்லது பாதம் மரத்துப்போனால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள் செருப்புப் போடச் சொல்கிறார் டாக்டர். மாமி விடமாட்டார். என்ன செய்வது?

நம் வீடுகளில் இது பெரிய விஷயம்தான். வெளியே போட்ட செருப்பு வாசல்படியைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். அதனால் வெளியே ஒருபோதும் போகாத ஒரு ஜோடியைப் புதிதாக வாங்கி, பெட்டியைப் பிரிக்கும்போதே மாமியின் கண்ணுக்கு முன்னால் பிரியுங்கள். சாமி அறைக்கு முன்னால் கழற்றிவிடுங்கள். காலையில் நாலரை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, லயத்து சீமெந்துத் தரையின் குளிரில் ஒரு மணித்தியாலம் வெறுங்காலோடு நின்று ரொட்டி சுடுகிறோம். குதிகால் வலிக்காரருக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் நாள் முழுக்க வலிக்கு வித்து. நான் கட்டிலுக்குக் கீழேயே ஒரு ஜோடி வைத்திருந்தேன், முதல் அடியே அதற்குள்தான். மாமிக்கும் ஒரு ஜோடி வாங்கிக்கொடுங்கள். சில வீடுகளில் அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

பெருவிரல் மூட்டில் எலும்பு தள்ளிக்கொண்டு வருகிறது. எந்தச் சப்பாத்து போட்டால் உள்ளே போகும்?

எதுவும் உள்ளே தள்ளாது, சத்திர சிகிச்சை ஒன்றுதான் எலும்பை நேராக்கும். இரவில் மாட்டுகிற பட்டி, விரலுக்கிடையில் வைக்கிற சிலிக்கன் துண்டு எல்லாம் கொஞ்சம் ஆறுதல் தரும், எலும்பைத் திருப்பாது. இணையத்தில் அப்படி விற்கிறவர்களுக்குக் காசு கொடுக்கவேண்டாம். இது பரம்பரையாக வருவதும் உண்டு. ஆனால் கூர்ச் சப்பாத்து அதை வளர்த்துவிடும், வலியையும் கூட்டும்.

பார்க்கவேண்டியது மேல்பக்கம். மூட்டுக்கு மேலே தையலோ பக்கிளோ அலங்காரக் கல்லோ வரக்கூடாது. மென்மையான தோல், வலைத்துணி, அல்லது இழுபடுகிற துணியில் செய்தது நல்லது. செருப்பு என்றால் பட்டி மூட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போகவேண்டும், நேர் மேலே அல்ல. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அகலப் பட்டிச் செருப்பு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அந்தப் பின்னலில் மூட்டின் மேடு கண்ணுக்கே படாது. கட்டுச் சப்பாத்து போடுகிறவர்கள் கீழ்மட்டத்து ஓட்டையில் நூலைக் கோக்காமல் விட்டுவிட்டால் அந்த இடம் தளர்ந்து கொடுக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஐயாவிடம் கொடுத்தால், மூட்டு வருகிற இடத்தை மட்டும் கட்டை வைத்து இரண்டு நாளில் விரித்துத் தருவார். எங்கள் டவுனில் இருக்கிறவர் நான் காட்டிய தாளைப் பார்த்துவிட்டு, சோக்குக் கட்டியால் மூட்டின் மேல் ஒரு வட்டம் போட்டு, என் காலையும் சப்பாத்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்து அளவெடுத்தார். அவ்வளவு அக்கறையாக எந்தக் கடையிலும் என் காலைப் பார்த்ததில்லை.

மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலே உயிர்போகிற மாதிரி வலித்தால் அது சப்பாத்துப் பிரச்சினை இல்லை. யூரிக் அமிலத்தால் வருகிற வாதமாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

சேலைக்கு ஹீல்ஸ் இல்லாமல் எப்படி டீச்சர்? குட்டையாகத் தெரியும், கொசுவம் தரையில் இழுபடும்.

ஹீல்ஸை விடச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். குதியின் உயரத்தில் இருந்து முன்பக்க அடியின் தடிப்பைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கால் உண்மையில் தாங்குகிற சரிவு. குதி 6 சென்ரிமீற்றர், முன்னடி 3 சென்ரிமீற்றர் என்றால் கால் உணர்வது 3தான், உயரமோ முழு 6. அடி முழுக்க ஒரே கட்டையாக வருகிற வெட்ஜ் வாங்குவதில் உள்ள லாபம் இதுதான். சேலை முழு உயரத்துக்கும் விழும், பாரம் விரல் பக்கம் கொட்டாது. மெல்லிய ஊசிக் குதி நம் படிக்கட்டுகளுக்கும் கல்லுப் பாதைகளுக்கும் ஆகவே ஆகாது, கணுக்கால் பிரளும். அகலக் கட்டைக் குதி, கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டி, இவை இரண்டும் இருந்தால் மூன்று நாலு சென்ரிமீற்றரில் நாள் முழுக்க நிற்கலாம். பட்டி இல்லாமல் காலை நுழைத்து மட்டும் போடுகிற மெல்லிய பம்ப் சப்பாத்து பார்க்க இலேசாக இருக்கும், ஆனால் கழன்று போகாமல் பிடிப்பதற்காக விரல்கள் ஒவ்வொரு அடியிலும் மடங்கிக்கொண்டே இருக்கும். பின்னேரம் முன்பாதம் எரிகிறது என்கிறவர்களில் பலர் அதைப் போடுகிறவர்கள்தான்.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வசதியான சப்பாத்து என்றால் கறுப்பு, பழுப்பு, அதுவும் ஆஸ்பத்திரிச் சாயலில்தான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. வைன் சிவப்பு, கடற்படை நீலம், மங்கிய தங்கநிறம் மூன்றும் சேலைக் கரைகளில் முக்கால்வாசிக்குச் சேரும். உருவம் எளிமையாக இருந்து நிறம் நன்றாக இருந்தால், அகலச் சப்பாத்து அகலமாகவே தெரியாது. முன்பக்கத்தில் வெட்டுத் திறப்பு ஆழமாக இருந்தால் கால் நீளமாகத் தெரியும், இது உண்மையிலேயே வேலை செய்கிறது.

விசேஷத்துக்கென்று எடுத்து வைத்த சப்பாத்தின் அடி உதிர்ந்து போகிறதே, ஏன்?

பதுளையில் தங்கை கல்யாணத்தில் எனக்கு நடந்தது. மூன்று வருஷம் அலுமாரியில் பெட்டிக்குள் புத்தம்புதிதாக இருந்த ஜோடி, மண்டப வாசலில் இருந்து மணவறைக்குப் போவதற்குள் அடி துண்டு துண்டாக உதிர்ந்து, வெள்ளை விரிப்பில் கறுப்புத் தூளாக என் பின்னால் வந்தது. அன்றைக்கு அழுதேவிட்டேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. பொலியூரத்தேன் என்கிற பொருளில் செய்த அடிகள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்ல உடையும். போடாமல் வைத்தால்தான் இன்னும் மோசம், நடக்கும்போது அமுங்கி விரிவதால் ஈரம் வெளியேற வழியுண்டு, பெட்டிக்குள் அதுவும் இல்லை. நம் பனிமூட்டத்துக்கு இது பாலும் பழமும் மாதிரி. அதனால் விசேஷச் சப்பாத்தையும் மாதத்துக்கு ஒரு தடவை போட்டு நடங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். வாங்கும்போது ரப்பர் அடியா, ஈ.வி.ஏ. என்கிற இலேசான நுரை அடியா என்று கேளுங்கள், இவை அப்படி உதிர்வதில்லை. விசேஷத்துக்கு முதல் வாரமே எடுத்து வீட்டுக்குள் அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள், மணவறையில் சோதிக்கவேண்டாம்.

மழையில் நனைந்ததை எப்படிக் காய வைப்பது?

அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். உள்ளே இருக்கிற தட்டை எடுத்துத் தனியாக வைத்து, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றி, காற்று வருகிற இடத்தில் சாய்த்து வையுங்கள். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடமுடிந்தால் பூஞ்சணமும் பிடிக்காது, சேற்றுப்புண்ணும் குறையும். வழுக்கலுக்கு, அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: நகம் கொஞ்சம் பதிந்தால் பாசிபிடித்த படியில் ஓரளவு பிடிக்கும், கண்ணாடி மாதிரி இருந்தால் பிடிக்காது.

கால் ஆணி, பித்தவெடிப்பு?

ஆணி என்பது ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து தோல் தடித்து உள்நோக்கி வளர்வது. அழுத்துகிற சப்பாத்தை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். பிளேட்டால் வெட்டவேண்டாம். பித்தவெடிப்புக்கு இரவில் காலைக் கழுவித் துடைத்து வசிலின் பூசி சொக்ஸ் போட்டுப் படுங்கள், பின்பக்கம் மூடிய சப்பாத்து போடுங்கள், அவ்வளவுதான்.

சீனி வருத்தம் இருக்கிறது. நானும் இதையெல்லாம் பார்த்து வாங்கலாமா?

நீங்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், ஏனென்றால் உங்களுக்குச் சப்பாத்து கடிப்பது தெரியாமலே போகலாம். சீனி நாள்பட்டால் பாத நரம்புகள் உணர்வை இழக்கும், சின்ன உரசல் புண்ணாகி, புண் ஆறாமல், விரலையே எடுக்கவேண்டி வந்தவர்களை நம் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். வலிக்கவில்லை என்பதால் அளவு சரி என்று நினைக்காதீர்கள். தாள் அளவு உங்களுக்குத்தான் மிகவும் தேவை. வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்கவேண்டாம். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல், ஆணி, சுருண்ட தட்டு எதுவும் இருக்கலாம். வெள்ளை சொக்ஸ் போட்டால் இரத்தம் கசிந்தால் உடனே தெரியும். புதியதை முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடாமல், கழற்றிப் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குனியமுடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். பாமசியில் விற்கிற ஆணிப் பிளாஸ்டரில் தோலை அரிக்கிற அமிலம் இருக்கும், உங்களுக்கு அது கூடவே கூடாது.

எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்வார்கள், நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த மென்மையான ரப்பரில் செய்தது. வேலூரில் தொழுநோயாளர்களின் உணர்விழந்த பாதங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் போல் பிராண்ட் போன்றவர்களின் வேலையில் இருந்து வந்தது, இன்றைக்குச் சீனிக்காரருக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். இப்போது அதில் நல்ல நிறங்களிலும் பட்டிகளிலும் வருகிறது. கிளினிக்குக்குப் போகும்போது போட்டிருக்கிற செருப்பையும் வைத்தியரிடம் காட்டுங்கள். காலில் சின்னப் புண் இருந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம்.

சிவனொளிபாதம் ஏறப்போகிறோம், இந்தக் காலோடு முடியுமா?

நல்லதண்ணி வழியாகப் போனால் ஏறத்தாழ 5,500 படிகள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், கால் போவது இறங்கும்போதுதான். புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள், குறைந்தது இரண்டு வாரம் நடந்து பழகியதாக இருக்கவேண்டும். நகத்தை மூன்று நாலு நாளைக்கு முன்பே நேராக வெட்டிவிடுங்கள். உச்சியில் நூலை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்குங்கள். இதை மட்டும் செய்திருந்தால் என் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்து விழுந்திருக்காது.

பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்குக் காணும்படி பெரிதாக வாங்கலாமா?

வேண்டாம். பிள்ளை விரலால் பிடித்துப் பிடித்து நடந்து விழும். கட்டைவிரல் அகலம் இடம் போதும், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். காசுக் கஷ்டம் தெரியும், அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுத்துத்தான் நாமும் வளர்ந்தோம். கொடுப்பதென்றால் அடி ஒருபக்கம் தேயாததாகவும் பின்பக்கம் சரியாததாகவும் பார்த்துக் கொடுங்கள்.

தட்டைப் பாதம் என்று சொல்லிவிட்டார்கள். விலை கூடிய இன்சோல் வாங்கவேண்டுமா?

வலி இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம், எத்தனையோ பேர் தட்டைப் பாதத்தோடு ஆயுசு முழுக்க மலை ஏறி இறங்குகிறார்கள். வலி இருந்தால் முதலில் சாதாரண இன்சோலைப் போட்டு ஒரு மாதம் பாருங்கள், அதற்கு உள்ளே இருக்கிற தட்டைக் கழற்ற முடிகிற சப்பாத்தாக வாங்கவேண்டும். பழைய தட்டின் மேலேயே புதியதை வைத்தால் கால் மேலே ஏறி மேல்பக்கம் அறுக்கும்.

வயதான அம்மாவுக்கு எதை வாங்குவது?

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 34 வருஷம் கொழுந்து எடுத்தவர், அதில் பாதிக் காலம் வெறுங்காலோடு, அட்டைக்கடியோடு. விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும், குதிகால் மரப்பட்டை மாதிரி. எந்தக் கடையிலும் அவர் காலுக்கு அளவு இல்லை என்று சொல்லிச் சொல்லி, கடைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, நீயே எதையாவது எடுத்துக்கொண்டு வா என்பார். வயதானவர்களுக்கு மெல்லிய அடி, அகலம், வழுக்காத ரப்பர், பின்பக்கம் பிடிக்கிற பட்டி, இத்தனையும் வேண்டும். பின்பட்டி இல்லாத செருப்பில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், மிகத் தடித்த பஞ்சு அடியும் ஆகாது, தரை காலுக்குத் தெரியாமல் தள்ளாடுவார்கள். கடைசியில் மூன்று இடத்தில் வெல்க்ரோ பட்டி உள்ள ஒரு செருப்புக் கிடைத்தது, முன்னால், மேலே, குதிகாலில். மூன்றையும் காலுக்கேற்றபடி தளர்த்தலாம், வீங்கினால் விடலாம்.

கறுப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா காலை விட்டுப் பார்த்தார், இரண்டு படி இறங்கி ஏறினார், பட்டியைத் தானே திறந்து மூடினார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, ராக்கையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "இதே மாதிரி மெரூன் கலர்ல இருந்தா அத எடு" என்றார்.